களரா, உவரா? முதலில் அதைப் பாருங்கள்
மண் பற்றி வாசகர் கேள்வி – பதில்

“மண் கெட்டுப்போச்சு” என்றுதான் பல கடிதங்கள் தொடங்குகின்றன. எப்படிக் கெட்டது என்பது நிலத்துக்கு நிலம் வேறு. ஒரு நிலத்துக்கு மருந்தாவது இன்னொன்றுக்கு வீண்செலவு. அதனால் சில பதில்கள் கொஞ்சம் நீளம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: இரண்டு ஏக்கர் நெல் வயல். நட்ட பதினைந்தாம் நாளிலேயே அங்கங்கே சொட்டை விழுகிறது. வயல் காய்ந்தால் மேலே வெள்ளையும் கருப்புமாகப் பூக்கிறது. பக்கத்து நிலத்துக்காரர் சொன்னபடி ஏக்கருக்கு இரண்டு மூட்டை ஜிப்சம் இரண்டு வருடமாகப் போட்டேன். ஒரு மாற்றமும் இல்லை. என்ன செய்யலாம் ஐயா?
– வாசகர், மணிகண்டம், திருச்சி மாவட்டம்

உப்பு நிலம் என்று பொதுவாகச் சொன்னாலும் அதில் இரண்டு வகை உண்டு. உவர் நிலத்தில் கரையும் உப்புகள் மிகுந்திருக்கும். காய்ந்தால் வெள்ளைப் பொடியாகப் பூக்கும். களர் நிலத்தில் மண் துகள்களோடு சோடியம் ஒட்டிக்கொண்டிருக்கும். அது மண்ணைச் சேறாகக் கரைத்து, துளைகளை அடைத்துவிடும். தண்ணீர் உள்ளே இறங்காமல் நாள் கணக்கில் கலங்கி நிற்கும். மண்ணில் இருக்கும் மட்கிய பொருளும் கரைந்து மேலே வருவதால் கருப்பாகப் பூக்கும். உங்கள் வயலில் வெள்ளையும் கருப்பும் சேர்ந்து தெரிவதால் களர் இருக்க வாய்ப்பு அதிகம். ஆனால் கண்ணால் பார்த்து முடிவு செய்யாதீர்கள்.

வீட்டிலேயே ஒரு சோதனை செய்யலாம். கண்ணாடி டம்ளரில் மழைநீர் எடுங்கள். போர் தண்ணீர் வேண்டாம். அதிலுள்ள உப்பு சோதனையைக் கெடுத்துவிடும். காய்ந்த மண்கட்டி ஒன்றைப் பட்டாணி அளவில் மெதுவாகப் போட்டு, கலக்காமல் விட்டுவிடுங்கள். சில மணி நேரத்தில் கட்டியைச் சுற்றிப் பால் மாதிரி கலங்கி, மறுநாளும் தெளியாமல் நின்றால் களர். கட்டி உதிர்ந்தும் தண்ணீர் தெளிவாக இருந்தால் களர் இல்லை.

அதன்பின் ஆய்வுக்கூடத்துக்கு மண் கொடுங்கள். சொட்டை விழுந்த இடத்து மண்ணையும் நல்ல இடத்து மண்ணையும் தனித்தனிப் பையில் கொடுக்க வேண்டும். கலந்து கொடுத்தால் இரண்டுக்கும் நடுவில் ஒரு பொய்க்கணக்கு வரும். பி.எச்., அதாவது கார அமில நிலையைக் காட்டும் எண், 8.5-க்கு மேல் இருந்து, ஒட்டியுள்ள சோடியத்தின் பங்கு 15 சதவீதத்தைத் தாண்டினால் களர். கரைந்த உப்பின் அளவைக் காட்டும் இ.சி. (மின்கடத்துத் திறன்) பற்றி ஓர் எச்சரிக்கை: புத்தகங்களில் வரும் 4 என்ற எல்லை, மண்ணைக் குழைத்துப் பிழிந்தெடுத்த சாற்றுக்கு உரியது. சாதாரண மண் பரிசோதனையில் ஒரு பங்கு மண்ணுக்கு இரண்டு பங்கு தண்ணீர் சேர்த்து அளக்கிறார்கள். அந்த அளவில் 1-க்குள் இருந்தால் கவலையில்லை. 1-ஐத் தாண்டினால் முளைப்பு பாதிக்கும். 3-ஐத் தாண்டினால் பயிருக்கே ஆபத்து.

இனி அந்த இரண்டு மூட்டை ஜிப்சம். அது நிலக்கடலைக்கான கணக்கு. கடலைக்குக் காய் திரட்சிக்காக ஏக்கருக்கு 160 கிலோ ஜிப்சம் போடுவது வழக்கம். அதைத்தான், அதிலும் குறைத்து, உங்கள் பக்கத்து நிலத்துக்காரர் நெல்லுக்குக் கொண்டுவந்திருக்கிறார். களரைத் திருத்தும் கணக்கே வேறு. ஓர் ஏக்கரில் மேல் அரை அடி மண்ணின் எடை ஏறக்குறைய 850 டன். அதிலிருந்து சோடியத்தை ஓர் அலகு, அதாவது 100 கிராம் மண்ணுக்கு ஒரு மில்லி ஈக்குவலன்ட், விரட்டவே சுத்தமான ஜிப்சம் சுமார் 730 கிலோ வேண்டும். கடையில் கிடைப்பது முக்கால் பங்கு சுத்தம் என்று வைத்தால் ஒரு டன் ஆகிறது. இரண்டு மூட்டை எந்த மூலைக்கு?

ஆய்வுக்கூடத்தில் ‘ஜிப்சம் தேவை’ என்று தனியாகக் கேட்டு வாங்குங்கள். அவர்கள் சொல்லும் அளவில் பாதி போட்டால் நெல்லுக்குப் போதும். உதாரணமாக, தேவை ஏக்கருக்கு 3 டன் என்று வந்தால் ஒன்றரை டன், அதாவது 50 கிலோ மூட்டையில் 30 மூட்டை.

போடும் முறையில்தான் பலர் தவறுகிறார்கள். முதல் வேலை வடிகால். ஜிப்சத்திலுள்ள கால்சியம் சோடியத்தை இடம்பெயர்த்து, சோடியம் சல்பேட் என்ற கரையும் உப்பாக மாற்றுகிறது. அந்த உப்பு வயலை விட்டு வெளியேற வழியில்லாவிட்டால் போட்ட ஜிப்சம் அத்தனையும் வீண். கோடையில் உழுது சமப்படுத்துங்கள். நிலத்தை 25 சென்ட் பாத்திகளாகப் பிரித்து ஓரடிக்கு மேல் வரப்பு கட்டி, எல்லாவற்றுக்கும் பொதுவாக வாய்க்கால் மட்டத்தைவிடத் தாழ்ந்த வடிகால் ஒன்று வெட்டுங்கள். அது அடுத்தவர் வயலில் போய் விழாதபடி முதலிலேயே பேசி வைத்துக்கொள்ளுங்கள். இல்லையேல் உப்பு தீர்ந்தாலும் பஞ்சாயத்து தீராது.

ஆற்றுத் தண்ணீரோ மழையோ வந்ததும் நீர் கட்டி, ஒரு நாள் கழித்து வடியுங்கள். கரையும் உப்பில் ஒரு பங்கு இதிலேயே போய்விடும். பிறகு ஜிப்சத்தைச் சீராகத் தூவி, மேல் நான்கு அங்குலத்துக்குள் கலக்குமாறு உழுங்கள். ஆழமாகப் புரட்டினால் நீர்த்துப்போகும். நான்கு அங்குலம் தண்ணீர் கட்டி 24 மணி நேரம் நிறுத்தி வடிப்பதை மூன்று நான்கு முறை செய்யுங்கள். முடிந்ததும் ஏக்கருக்கு 20 கிலோ தக்கைப்பூண்டு விதைத்து, பூக்கத் தொடங்கும் 40–45-ஆம் நாளில் மடக்கி உழுங்கள். இது வெறும் தழையுரம் மட்டுமல்ல. மட்கும்போது வெளிவரும் கரியமில வாயுவும் அமிலங்களும் மண்ணில் கிடக்கும் சுண்ணாம்பைக் கரைத்துக் கால்சியத்தை விடுவிக்கின்றன. செலவில்லாத இரண்டாம் ஜிப்சம் என்றே சொல்லலாம்.

களரைத் தாங்கும் திருச்சி 3, கோ 43 போன்ற ரகங்களை நடுங்கள். நாற்றுக்கு வயது சற்றுக் கூடுதலாக இருக்கட்டும். குத்துக்கு ஒரு நாற்று கூட்டி வையுங்கள். தழைச்சத்தை (நைட்ரஜன்) வழக்கத்தைவிட கால் பங்கு கூட்ட வேண்டும். களரில் துத்தநாகம் பயிருக்குக் கிடைக்காது என்பதால் ஜிங்க் சல்பேட் ஏக்கருக்கு 15 கிலோ போடுங்கள். உங்கள் நிலத்துக்கு வேண்டிய நுண்ணூட்டம் அதுதான். கடைக்காரரின் பாட்டில் அல்ல.

ஆய்வில் வெறும் உவர் என்று வந்தால் ஜிப்சம் வாங்கவே வேண்டாம். நல்ல தண்ணீரும் வடிகாலும் போதும்.

கேள்வி: தென்னையும் காய்கறியும் போட்டிருக்கிறேன். முறையாக ஜிப்சம் போட்டுத் திருத்திய நிலம், மூன்றே வருடத்தில் மறுபடி இறுகிவிட்டது. பாசனம் முழுக்க போர் தண்ணீர்தான்.
– வாசகர், கரூர் மாவட்டம்

தண்ணீரைப் பரிசோதித்தீர்களா? கால்சியம், மெக்னீசியத்தைவிட கார்பனேட், பைகார்பனேட் மிகுந்த தண்ணீரைப் பாய்ச்சினால், மண்ணிலுள்ள கால்சியம் சுண்ணாம்பாகப் படிந்துவிடும்; சோடியம் மட்டும் மிஞ்சும். நீங்கள் திருத்தத் திருத்த மோட்டார் கெடுத்துக்கொண்டே இருக்கும். ஆய்வு அட்டையில் ‘எஞ்சிய சோடியம் கார்பனேட்’ என்ற வரியைப் பாருங்கள். லிட்டருக்கு 2.5 மில்லி ஈக்குவலன்டைத் தாண்டினால் அந்தத் தண்ணீரை அப்படியே பாய்ச்சக் கூடாது.

மோட்டாரை அரைமணி நேரம் ஓடவிட்ட பிறகு, அதே தண்ணீரில் பாட்டிலை இரண்டு முறை அலசி, காற்று இல்லாமல் விளிம்பு வரை நிரப்பி மூடி, அன்றோ மறுநாளோ கொடுத்துவிடுங்கள். வாரக்கணக்கில் வைத்திருந்தால் பைகார்பனேட் அளவு மாறிவிடும்.

கணக்கு எளிது. ஏக்கருக்கு 5 செ.மீ. உயரம் ஒரு பாய்ச்சல் என்றால் ஏறக்குறைய 2 லட்சம் லிட்டர். அதில் ஓர் அலகைக் குறைக்க 17 முதல் 18 கிலோ சுத்தமான ஜிப்சம் வேண்டும். உங்கள் தண்ணீர் 5 என்று வந்தால் 2.5 அலகு குறைக்க வேண்டும்; அதற்குப் பாய்ச்சலுக்கு 44 கிலோ. முக்கால் பங்கு சுத்தமான ஜிப்சம் என்றால் சுமார் 58 கிலோ. தண்ணீர் விழும் இடத்தில் சிறு தொட்டி கட்டி, கட்டி ஜிப்சத்தைச் சல்லடைத் தட்டின் மேல் பரப்பி, தண்ணீர் அடியிலிருந்து ஏறி வழிந்து போகும்படி செய்யலாம். தூளைக் கொட்டினால் களிபோல் படிந்து அடைத்துக்கொள்ளும். சொட்டுநீர் வைத்திருப்பவர்கள் தொட்டி முறைக்குப் போகாதீர்கள். கால்சியம் படிந்து சொட்டுவான்கள் அடைபடும். அதே அளவைக் கணக்கிட்டு மண்ணில் நேராகப் போட்டுவிடுங்கள்.

சொட்டுநீர் பற்றி இன்னொன்று. நனைந்த வட்டத்தின் ஓரத்தில் உப்பு வளையமாகச் சேர்ந்திருக்கும். கோடைக்குப் பின் வரும் முதல் தூறல் அந்த உப்பைக் கரைத்து வேருக்குள் தள்ளிவிடும். தூறும்போது, மழைதான் பெய்கிறதே என்று மோட்டாரை நிறுத்தாமல் சொட்டுநீரை ஓடவிடுங்கள். நல்ல மழை பிடித்த பிறகு நிறுத்தலாம்.

கேள்வி: யூரியா போட்டால் மண் உப்பாகிவிடும் என்கிறார்களே, உண்மையா?
– வாசகி, கோபிசெட்டிபாளையம்

இல்லை. யூரியாவில் சோடியம் கிடையாது. மண்ணில் அது நைட்ரேட்டாக மாறும்போது மண்ணைப் புளிக்கவைக்கும், அதாவது அமிலத்தன்மையைக் கூட்டும். 45 கிலோ மூட்டை ஒன்றில் இருக்கும் 20.7 கிலோ தழைச்சத்தின் அமிலத்தைச் சரிக்கட்டத் தோராயமாக 37 கிலோ சுண்ணாம்பு செலவாகும். சுண்ணாம்பு கலந்த மண்ணில் இது தெரியவே தெரியாது. நீலகிரியில் தெரியும், அங்கே மண் ஏற்கெனவே புளிப்பு. தேயிலை 4.5 முதல் 5.5 வரை பி.எச்.-ஐ விரும்பும் செடிதான், ஆனாலும் அதற்கும் கீழே இறங்கிவிடாமலிருக்க டோலமைட் என்ற சுண்ணாம்புக் கல் தூள் போட வேண்டியிருக்கிறது. யூரியாவின் உண்மையான குற்றம் வேறு: விலை மலிவு என்று அதை மட்டுமே போட்டால் பயிர் செழித்து வளர்ந்து, மற்ற சத்துகளை மண்ணிலிருந்து உறிஞ்சித் தீர்த்துவிடும்.

கேள்வி: மக்காச்சோளமும் பருத்தியும் மாறிமாறிப் போடுகிறேன். பத்து வருடமாக ரொட்டவேட்டர்தான். மழை பெய்தால் தண்ணீர் தேங்குகிறது, பத்து நாள் வெயில் அடித்தால் வாடுகிறது. ‘அகல உழுவதிலும் ஆழ உழு’ என்கிறார்களே?
– வாசகர், பெரம்பலூர் மாவட்டம்

நீங்கள் சொல்லும் இரண்டு அடையாளமும் அடிமண் இறுக்கத்துக்கு உரியவை. ரொட்டவேட்டரின் கத்தி ஒவ்வொரு முறையும் அதே நாலைந்து அங்குலத்தில் சுழன்று, அடியில் பூசி மெழுகியதுபோல் தளம் போட்டுவிடுகிறது. மேலே டிராக்டர், டிப்பர், அறுவடை வண்டியின் பாரம் வேறு. மேல்மண் மாவாகிவிடுவதால் மழை அடித்தால் ஏடாக இறுகும்.

பார்ப்பது எளிது. நல்ல மழைக்கு மறுநாள் கால் அங்குலக் கம்பி ஒன்றைக் கையால் மண்ணுக்குள் அழுத்துங்கள். சீராக இறங்கி ஓரிடத்தில் ‘டக்’கென நின்றால், அந்த ஆழத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். பத்து இடத்தில் செய்து, எல்லாம் ஏறக்குறைய ஒரே ஆழம் என்றால் அது தளம். ஆழம் மாறிமாறி வந்தால் கல்லாக இருக்கலாம். பருத்திச் செடியைச் சுற்றிக் குழி தோண்டி ஆணிவேரைப் பாருங்கள். கீழே போகாமல் முழங்கைபோல் மடங்கிப் பக்கவாட்டில் ஓடியிருந்தால் சந்தேகமே வேண்டாம்.

தீர்வு உளிக் கலப்பை. அரை மீட்டர் இடைவெளியில் ஒன்றரை அடி ஆழத்துக்கு ஒரு திசையில் ஓட்டி, பிறகு குறுக்கே ஓட்டுங்கள். மூன்று வருடத்துக்கு ஒருமுறை போதும். அடிமண் காய்ந்திருக்கும் கோடையில்தான் ஓட்ட வேண்டும். காய்ந்த மண் நொறுங்கி விரிசல் விடும். ஈரத்தில் ஓட்டினால் வெண்ணெயில் கத்தி போனதுபோல் கோடு மட்டும் விழும். டீசல் செலவுதான் மிச்சம். முடிந்ததும் ஏக்கருக்கு 5 டன் தொழுவுரம் போடுங்கள். வெறுமனே உடைத்துவிட்டு மறுபடி ரொட்டவேட்டரை இறக்கினால் தளம் திரும்பி வந்துவிடும். ரொட்டவேட்டரை விதைப்புக்கு முந்தைய கடைசி ஓட்டுக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

பழமொழி உங்கள் நிலத்துக்குச் சரி. எல்லா நிலத்துக்கும் அல்ல. நெல் மட்டுமே விளையும் நஞ்சையில் அந்தத் தளம்தான் தண்ணீரைத் தாங்கி நிறுத்துகிறது. அதை உடைத்தால் மடை ஓயாது. மேல்மண் ஓரடிகூட இல்லாமல் அடியில் சுக்கான் (சுண்ணாம்புக் கல்) கிடக்கும் இடத்திலும் ஆழ உழுது அதை மேலே கொண்டுவராதீர்கள்.

கேள்வி: அறுவடை வண்டி போட்ட வைக்கோலைக் கொளுத்துவதா, கட்டுக் கட்டி விற்பதா?
– வாசகர், மன்னார்குடி

கொளுத்தாதீர்கள். தழைச்சத்து ஏறக்குறைய முழுதும் புகையாகப் போய்விடும். விற்கலாம், ஆனால் என்ன விற்கிறீர்கள் என்று தெரிந்து விற்க வேண்டும். ஏக்கருக்கு 2 டன் வைக்கோல் என்றால் அதோடு 30 முதல் 40 கிலோ சாம்பல்சத்து போகிறது. ஒரு மூட்டை பொட்டாஷில் இருப்பதே 30 கிலோதான். விற்ற பணத்தில் அந்த ஒரு மூட்டையைத் திரும்ப வாங்கிப் போட்டால் கணக்கு நேர். மடக்கி உழுவதானால் நடவுக்கு மூன்று வாரமாவது முன்பு செய்யுங்கள். அவசரப்பட்டு உழுது மறுவாரமே நட்டால், மட்கும் வைக்கோல் தழைச்சத்தை இழுத்துக்கொள்ளும், நாற்று மஞ்சளடிக்கும், கால் வைத்தால் குமிழியிட்டு நாறும். அப்படி ஆகிவிட்டால் தண்ணீரை வடித்து இரண்டு மூன்று நாள் காயவிடுங்கள். மேலுரத்தை அள்ளிக் கொட்டிப் பயனில்லை.

கேள்வி: சரிவான செம்மண் மானாவாரி. வரப்பு போட்டாலும் ஒவ்வொரு ஐப்பசியிலும் உடைத்துக்கொண்டு ஓடுகிறது. கல் மட்டும் மிச்சமாகிறது.
– வாசகர், பென்னாகரம்

ஓர் ஏக்கரில் ஒரு மில்லிமீட்டர் மண் போனாலே ஐந்தரை டன்னுக்கு மேல். டிராக்டர் டிப்பரில் ஒன்றிரண்டு லோடு. கண்ணுக்கே தெரியாத இழப்பு இது. மேலும், முதலில் போவது கல் அல்ல, சத்துள்ள நுண்மண்.

வரப்பு உடைவதற்குக் காரணம் பெரும்பாலும் அதன் கோடுதான். நிலத்தின் எல்லையையொட்டி நேராகப் போட்ட வரப்பில் தண்ணீர் தாழ்ந்த இடத்தில் சேர்ந்து அங்கேயே உடைக்கும். வரப்பு சமமட்டக் கோட்டில் வளைந்து போக வேண்டும். அதற்குக் கொத்தனாரின் ட்யூப் லெவல் போதும். குழாயில் காற்றுக் குமிழி இல்லாமல் பார்த்துக்கொண்டு, முதல் முளையில் ஒருவர் நிற்க, மற்றவர் மேலும் கீழும் நகர்ந்து அதே மட்டம் வரும் இடத்தில் அடுத்த முளையை அடிக்கட்டும். பத்துப் பதினைந்து மீட்டருக்கு ஒரு முளை. பிறகு கோட்டின் கூர்மையான வளைவுகளைக் கொஞ்சம் நேராக்கிக்கொள்ளுங்கள். உழ வசதியாக இருக்கும்.

சரிவு நூற்றுக்கு மூன்று என்றால், அதாவது 30 மீட்டருக்கு 90 செ.மீ. இறக்கம் என்றால், 30–35 மீட்டருக்கு ஒரு வரப்பு. உயரம் 2 அடி, மேலகலம் ஒன்றரை அடி, அடியகலம் ஆறேழு அடி. புதுமண் அமரும் என்பதால் அரைக்கால் பங்கு கூட்டியே கட்டுங்கள். மண்ணை மேட்டுப் பக்கத்திலிருந்து எடுங்கள். தொடர்ச்சியாக வெட்டாமல் குழிக்குக் குழி கொஞ்சம் இடம் விடுங்கள், இல்லாவிட்டால் அதுவே வாய்க்காலாகி அரிக்கும். ஒவ்வொரு வரப்புக்கும் ஓரடி உயரத்தில் மிகுநீர் வழிந்தோடக் கல் பாவிய கலிங்கு ஒன்று கட்டாயம். வேலையை உச்சியிலிருந்து தொடங்கிக் கீழே வாருங்கள். கீழ் வரப்பை முதலில் கட்டினால், மேலிருந்து வரும் மொத்தத் தண்ணீரையும் அது ஒன்றே தாங்க வேண்டிவரும்.

முதல் மழையிலேயே வரப்பின்மேல் கொழுக்கட்டைப் புல் விதையுங்கள், அல்லது அரையடி இடைவெளியில் வெட்டிவேர் நடுங்கள். இடையில் செடி செத்து விழுந்த இடத்தை உடனே நிரப்ப வேண்டும். அந்தச் சந்தில்தான் தண்ணீர் புகும். உழவும் விதைப்பும் சரிவுக்குக் குறுக்கே நடக்கட்டும்.

கரிசல் வாசகர்கள் இதை அப்படியே செய்துவிடாதீர்கள். கரிசல் வரப்பு கோடையில் வெடித்து, முதல் மழையில் அந்த வெடிப்பு வழியே உடையும். அங்கே ஆழச்சால் அகலப்பாத்தியே மேல்.

கேள்வி: தென்னைநார்க் கழிவைத் தோப்பில் அப்படியே பரப்பினேன். ஊடுபயிர் வெளிறிவிட்டது.
– வாசகி, பொள்ளாச்சி

பச்சைக் கழிவில் கரிமம் மிக அதிகம். ஒரு பங்கு தழைச்சத்துக்கு நூறு பங்குக்கு மேல் கரிமம். அதை மட்கவைக்கும் நுண்ணுயிர்கள் தங்களுக்கு வேண்டிய தழைச்சத்தை உங்கள் ஊடுபயிரிடமிருந்து பிடுங்கிக்கொள்கின்றன. இப்போதைக்கு யூரியாவை இலைவழி கொடுங்கள். அடுத்த முறை மட்கவைத்துப் போடுங்கள். ஒரு டன்னுக்குச் சிப்பிக்காளான் வித்து 5 புட்டி, யூரியா 5 கிலோ. நிழலில் 5-க்கு 3 மீட்டர் இடத்தில் 100 கிலோ கழிவைப் பரப்பி ஒரு புட்டி வித்து. அதன்மேல் 100 கிலோ பரப்பி ஒரு கிலோ யூரியா. இப்படி மாற்றிமாற்றி ஒரு மீட்டர் உயரம் வரை. ஈரம் காயாமல் தெளித்து வந்தால் 60 நாளில் கருத்து, எடை குறைந்து மண்வாசம் வரும். உப்புநீரில் ஊறிய மட்டையின் கழிவு என்றால் இ.சி. பார்க்காமல் வாங்காதீர்கள்.

கேள்வி: மணற்பாங்கான புன்செய்க்குக் கண்மாய் வண்டல் எவ்வளவு அடிக்கலாம்?
– வாசகர், சிவகங்கை மாவட்டம்

வட்டாட்சியர் அனுமதியோடு விவசாயத்துக்கு எடுத்துக்கொள்ள, புன்செய்க்கு ஏக்கருக்கு 90 கனமீட்டர், நன்செய்க்கு 75 என்று அரசு அளவு வைத்திருக்கிறது. அது உச்ச வரம்பு. அத்தனையும் ஒரே கோடையில் அடிக்க வேண்டும் என்பதில்லை. மடையோரத்து நயமான வண்டலாகப் பார்த்து எடுங்கள். கரையோரத்தில் மணலும் சரளையும்தான் இருக்கும். ஊர்ச் சாக்கடையோ ஆலைக் கழிவோ கலக்கும் கண்மாய் என்றால் விட்டுவிடுங்கள். குவியலாகக் கொட்டி மாதக்கணக்கில் விடாமல், கோடையிலேயே பரப்பி, முதல் மழைக்கு உழுது கலக்குங்கள். கலக்காமல் மேலேயே கிடந்தால் மழையில் வழுக்கி, வெயிலில் ஓடுபோல் வெடிக்கும். அடிப்பதற்கு முன் அரைக்கிலோ வண்டலைத் துணிப்பையில் போட்டு இ.சி.-க்குக் கொடுத்துப் பாருங்கள். உரச்சாக்கில் போட்டுக் கொடுத்தால் சாக்கில் ஒட்டிய உரத்தின் அளவுதான் தெரியும்.